இருபத்துநாலு கைகளும் ஒரு அட்டையும்

ஜூலை 5, 1964, ஞாயிறு

குள்ளஞ்சாவடி சந்தைக்குப் போய்க் கத்தரிக்காய் வாங்கி வரச் சொன்னாள் என் மனைவி செங்கமலம். பழைய பேப்பர் கடையில் ஓர் ஆங்கிலப் புத்தகம் கண்ணில் பட்டது. கத்தரிக்காய் மறந்தே போயிற்று. நூறு வருஷத்துக்கு முன் லண்டனில் இருந்த ஒரு தத்துவ ஞானியின் மூன்று நூல்கள், ஒரே பைண்டில். ஒன்று இன்பத்தைப் பற்றி, ஒன்று சுதந்திரத்தைப் பற்றி, ஒன்று பெண்களைப் பற்றி. அவர் பெயர் வாயில் நுழையாமல் செங்கமலம் 'லண்டன்காரர்' என்று வைத்துவிட்டாள். நானும் இனி அப்படியே எழுதப் போகிறேன். ராத்திரிக்கு ரசம்தான்.

ஜூலை 8

முன்னுரையில் படித்தேன். லண்டன்காரருக்கு மூன்று வயதிலேயே அவர் அப்பா கிரேக்க மொழி கற்றுத்தர ஆரம்பித்துவிட்டாராம். வியந்துபோய் வீட்டில் சொன்னேன். "பாவம், அந்தப் புள்ளைய வெளையாடவே உடலியா?" என்றாள் செங்கமலம். இப்படிப்பட்டவளிடம் தத்துவம் பேச முடியுமா?

ஜூலை 12, ஞாயிறு

சுரங்கக் குடியிருப்பில் எங்கள் தெரு மன்றக் கூட்டம். புது ஒலிபெருக்கி வந்துவிட்டது. ஆடி பிறந்ததும் தினம் காலை ஆறிலிருந்து பதினொன்று வரை அம்மன் பாட்டு வைக்கலாமா என்பது கேள்வி. தலைவர் ஓவர்சியர் சக்கரபாணி. செயலாளர் அடியேன். எந்தக் காரியம் அதிகம் பேருக்கு அதிக இன்பம் தருகிறதோ அதுவே சரியான காரியம் என்று லண்டன்காரர் சொன்னதை எடுத்துவிட்டேன். கைதட்டல்.

முப்பது வீட்டில் இருபத்துநாலு பேர் வந்திருந்தார்கள். இருபத்துநாலு கைகளும் மேலே. பக்கத்து வீட்டு ஹிதாயத்துல்லா கூடச் சிரித்துக்கொண்டே கை தூக்கினார். 'ஏகமனதாக' என்று நோட்டில் எழுதியபோது எனக்கே பெருமையாக இருந்தது.

ஜூலை 17

நேற்று ஆடி முதல் நாள். எலக்ட்ரீஷியன் பாவாடை சுவிட்சைப் போட்டார். தெருவே எழுந்து உட்கார்ந்தது. நிலக்கரி வெட்டி ஊருக்கெல்லாம் மின்சாரம் செய்கிறோம், நமக்கு ஒரு பாட்டு கூடாதா? எட்டு மணிக்கு, ஆட்களின் வருகையைப் பதியும் டைம் ஆபீஸ் வேலைக்குச் சைக்கிளில் போகையில் மெயின் ரோடு வரை அந்தப் பாட்டு கூடவே வந்தது. இன்பம்.

ஜூலை 24

மனசு சரியில்லை.

சுரங்கத்திலிருந்து ஒரு ரிப்போர்ட் வந்தது. நைட் ஷிப்டில் நிலக்கரி ஓடும் பெல்ட்டைப் பார்க்கிறவர் உட்கார்ந்தபடி தூங்கியிருக்கிறார். இந்த மாதத்தில் இரண்டாவது தடவை. பெயரைப் பார்த்தால் நம் ஹிதாயத்துல்லா. நவம்பரில் அவரை பர்மனென்ட் ஆக்கும் பைல் மேலே போக வேண்டும். மூன்றாவது ரிப்போர்ட் வந்தால் போகாது. இந்த இரண்டாவதை என் கையாலேயே பதிந்தேன்.

கோபம்தான் முதலில் வந்தது. பகலெல்லாம் வீட்டில்தானே இருக்கிறார், தூங்கித் தொலைக்க வேண்டியதுதானே? வீட்டில் இதைச் சொன்னேன். செங்கமலம் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"எப்படித் தூங்குவாரு? நீங்க கட்டுன பாட்டுக் கொழாய் அவரு ஜன்னலுக்கு நேரா கத்திக்கினு இருக்கு. அவரு பொஞ்சாதி தாஜ் பீவி அவரு காதுல பஞ்சு வெச்சி உட்டுப் பாத்தாளாம், ஒண்ணும் ஆவல."

எட்டு மணிக்குக் கிளம்பிப் போகிற எனக்கு இது எப்படித் தெரியும்? தெரிந்திருக்க வேண்டும். ஒரே சுவர்தானே நடுவில்.

ஜூலை 25

சாயங்காலம் வேலி ஓரம் அவரைப் பிடித்துக் கேட்டேன், பிறகு ஏன் கை தூக்கினீர் என்று. முதலில் மழுப்பினார். அப்புறம் சொன்னார்.

"எல்லாரும் தூக்குனாங்க அண்ணே. நான் மட்டும் கீழ வெச்சிக்கினு இருந்தா, தூக்கம் வரலன்னு யாரும் நெனைக்க மாட்டாங்க. சாமி பாட்டு புடிக்கலன்னுதான் நெனைப்பாங்க. எனக்குப் பாட்டு புடிக்குங்க. தூக்கந்தான் வரல."

என் பெயரை எங்கேயும் சொல்லிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். 'ஏகமனதாக' என்று எழுதிய கை எனக்குக் கூசுகிறது.

ஜூலை 26, ஞாயிறு

இன்று முழுக்க லண்டன்காரரோடு சண்டை. முதல் நூல்படி கணக்குப் போட்டேன். இந்தப் பக்கம் இருபத்தொன்பது வீட்டின் சந்தோஷம், அந்தப் பக்கம் ஒரு மனுஷன் தூக்கம். ஒலிபெருக்கிதான் ஜெயிக்கிறது. இரண்டாவது நூலைத் திறந்தால், உலகமே ஒரு பக்கம் நின்றாலும் எதிர்ப்பக்கம் நிற்கும் ஒருவன் வாயை அடைக்க உரிமை இல்லை என்கிறார். வாயை அடைக்கச் சட்டம்கூட வேண்டாமாம், அக்கம்பக்கத்தார் பார்வையே போதுமாம். வேலி ஓரத்தில் நேற்று கேட்டது அதைத்தானே. ஆனால் இரண்டையும் ஒரே ஆள் எப்படி எழுதினார்? புத்தகத்தை மூடி எறிந்துவிட்டேன்.

சாப்பிட்ட பிறகு மறுபடி எடுத்தேன். எல்லா இன்பமும் ஒரே எடை இல்லை என்று முதல் நூலிலேயே இருக்கிறது. எது இல்லாமல் போனாலும் சமாளிக்கலாம், பயமில்லாத வாழ்வு இல்லாமல் எவனும் சமாளிக்க முடியாது என்றும் இருக்கிறது. முதலில் படித்தபோது அதைத் தாண்டிப் போயிருக்கிறேன். ஹிதாயத்துல்லாவுக்கு இல்லாமல் போனது தூக்கம் மட்டுமில்லை, அந்தப் பயமில்லாத வாழ்வும்தான். கணக்கில் தப்பு செய்தது அவரில்லை, நான்தான்.

ஜூலை 28

சக்கரபாணியிடம் போனேன். ஏகமனதாய் முடிந்ததை எப்படி ஐயா திரும்பத் திறப்பது என்று சீறினார். யாருக்கு என்ன கஷ்டம், பெயரைச் சொல்லு என்றார். சொல்ல முடியாதே. பெயர் எழுதாத சீட்டுப் போடலாம் என்று கெஞ்சினேன். சீட்டில் தோற்றால் இந்தப் பேச்சே எடுக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு ஒப்புக்கொண்டார். பயமாகத்தான் இருக்கிறது.

ஜூலை 30

"சீட்டு எங்களுக்கும் உண்டா?" என்று கேட்டாள் செங்கமலம். இழுத்தேன். உண்மையைச் சொன்னால் எனக்கு அது தோன்றவே இல்லை.

"லண்டன்காரரு என்ன சொல்றாரு?"

பெண்களுக்கும் ஓட்டு வேண்டும் என்கிறார், அவர் ஊர் பார்லிமென்டிலேயே எழுந்து கேட்டார் என்றேன்.

"அப்பறம் என்ன யோசனை?"

ஆகஸ்ட் 2, ஞாயிறு

இன்று நடந்ததை மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

வீட்டுக்கு இரண்டு சீட்டு. பெண்களுக்குமா என்று சக்கரபாணி முறைத்தார், அதற்குள் அவர்கள் வரிசையில் நின்றுவிட்டார்கள். பிஸ்கட் டின்னில் மொத்தம் ஐம்பத்தேழு சீட்டு விழுந்தது. பாட்டு வேண்டும் என்று முப்பத்தாறு. வேண்டாம் என்று இருபத்தொன்று.

இருபத்தொன்று! ஒரே ஒருவர் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன். எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஹிதாயத்துல்லா நிமிர்ந்து சுற்றிலும் பார்த்தார். அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன்.

முப்பத்தாறுதான் பெரிசு, ஆகவே பேச்சு முடிந்தது என்றார் தலைவர். கணக்குப்படி சரிதான். எழுந்து நின்றேன். லண்டன்காரரின் ஒரு வார்த்தைகூட என் வாயில் வரவில்லை. காலையில் விட்ட பாட்டைச் சாயங்காலம் கேட்கலாம், காலையில் விட்ட தூக்கத்தை எங்கே போய்த் தூங்குவது என்று மட்டும் கேட்டேன். அப்போது பாவாடையின் மனைவி மாணிக்கம்மாள் பின்னாலிருந்து சொன்னாள்.

"இவரு நைட் ஷிப்ட் போற வாரம் பூரா நான் புள்ளைங்க வாயப் பொத்திக்கினு கெடக்கறேன். இவரே போயி கொழாயப் போட்டுட்டு வந்து, தூக்கம் வரலன்னு என்னைத் திட்டுறாரு."

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. பாவாடைக்கு முகம் சிவந்துவிட்டது. ஆனால் வழியைச் சொன்னவரும் அவர்தான். சுரங்கத்தில் ஓர் ஆள் பெல்ட்டில் வேலை செய்யும்போது பெல்ட் ஓடாதபடி சுவிட்சை அணைத்து அதில் அட்டை மாட்டுவார்கள். பெரிய அதிகாரியே வந்தாலும் அந்த அட்டையைத் தொட முடியாது, மாட்டினவன்தான் கழற்ற வேண்டும்.

"ஒரு ஆளுக்காவ மொத்த பெல்ட்டும் நிக்கிதுங்களே. பாட்டு நிக்கக் கூடாதா?"

சக்கரபாணி நோட்டை என் பக்கம் தள்ளினார். பாட்டு உண்டு. ஆனால் தெருவில் எந்த வீட்டுக் கதவிலாவது அட்டை தொங்கினால் கிடையாது. நோட்டில் 'ஏகமனதாக' என்று எழுதவில்லை. முப்பத்தாறு, இருபத்தொன்று என்றே எழுதினேன்.

ஆகஸ்ட் 3

ஹிதாயத்துல்லா வீட்டுக் கதவில் அட்டை. காலை வெறிச்சென்று இருந்தது. பாட்டில்லாமல் சைக்கிள் மிதிக்க எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. அதையும் எழுதத்தானே வேண்டும்.

ஆகஸ்ட் 19

ஆடி முடிந்தும் பாட்டு தொடர்கிறது, காலையில் விட்டதை மத்தியானம் வைக்கிறார்கள். சக்கரபாணியின் மாமியார் மத்தியானம் சாப்பிட்டதும் அட்டை மாட்டிவிடுகிறாராம். புகார் வந்திருக்கிறது. லண்டன்காரர் இதற்கு ஒன்றும் எழுதி வைக்கவில்லை.

அக்டோபர் 5

என்னை ஷிப்டில் போட்டுவிட்டார்கள். மாதத்தில் ஒரு வாரம் நைட். செங்கமலம் பேசாமல் ஒரு அட்டை வெட்டிக் கயிறு கோத்து வைத்திருக்கிறாள்.

நவம்பர் 17

காலை ஆறரைக்கு வந்து அட்டையை மாட்டிவிட்டுப் படுத்தேன். மூன்றே முக்காலுக்கு விழிப்பு வந்தபோது ஜன்னல் மேல் ஒரு தூக்குவாளி. திறந்தால் சேமியா பாயசம், ஆறிப்போய் ஏடு கட்டியிருந்தது.

ஒன்பது மணிக்கே ஆர்டர் வந்துவிட்டதாம். ஹிதாயத்துல்லா பர்மனென்ட். மூன்றாவது ரிப்போர்ட் வரவே இல்லை. தெருவே அவர் வீட்டு முன் கூடிவிட்டதாம். பாவாடை இசைத்தட்டோடு ஓடி வந்திருக்கிறார். ஹிதாயத்துல்லா எங்கள் கதவில் தொங்கிய அட்டையைக் காட்டித் தடுத்துவிட்டாராம். தாஜ் பீவி வீடு வீடாகப் பாயசம் கொடுத்தது, பிள்ளைகள் குதித்தது எல்லாமே சத்தமில்லாமல் நடந்திருக்கிறது. சக்கரபாணி ரகசியக் குரலில் வாழ்த்தினாராம். அவருக்கு அப்படி ஒரு குரல் இருப்பதே செங்கமலத்துக்கு இன்றுதான் தெரியுமாம்.

"எழுப்பியிருக்கலாமே" என்றேன்.

"எழுப்பலாம்னு நானே சொன்னேன். அண்ணன் தூங்கட்டும், சந்தோஷம் எங்க போயிடப் போவுதுன்னுட்டாரு."

கண் கலங்கிவிட்டது. கதவைத் திறந்தேன். எதிரே பாவாடை சுவிட்சுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். ஹிதாயத்துல்லா வேலி ஓரம். அங்கங்கே தெருக்காரர்கள். எல்லோரும் என் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஒருவரும் கிட்டே வரவில்லை. மாட்டினவன்தானே கழற்ற வேண்டும்.

கழற்றினேன். ஆடி முதல் நாள் நான் மெயின் ரோடு வரை கேட்டுக்கொண்டே போன அதே அம்மன் பாட்டு. அதைத்தான் வைக்க வேண்டும் என்று ஹிதாயத்துல்லா காலையிலேயே சொல்லி வைத்திருந்தாராம்.