சின்ன வாளும் ஒரு நல்ல சொல்லும்

இன்று காலை கண்ணில் சொட்டு மருந்து விட்டார்கள். அது மூக்கு வழியாக இறங்கித் தொண்டையில் கசந்தது. மருந்து விட்ட பெண்ணுக்கு இருபது வயதுகூட இருக்காது. “காட்டராக்ட்தான் ஆன்ட்டி, பயப்படாதீங்க” என்றாள். காலமெல்லாம் நர்ஸாக இருந்தவளுக்கு அவள் ஆறுதல் சொல்கிறாள்! எனக்கு உடனே உன் ஞாபகம் வந்துவிட்டது. காட்டராக்ட் என்கிற சொல்லுக்குக் கிரேக்கத்தில் அருவி என்று பொருள், மேலிருந்து கொட்டுவது என்று நீ சொல்லியிருக்கிறாய். கண்ணுக்குள் ஏதோ நீர் இறங்கிப் பார்வையை மறைக்கிறது என்று அந்தக் காலத்து ஆட்கள் நினைத்தார்களாம். “குற்றாலத்துக்குப் போகாமலே எனக்கு சீசன் வந்துட்டு” என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். மத்தியானம்வரை எழுத்து மங்கலாகத் தெரிந்தது. சரியானதும் உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நம் பழக்கமே என் பெயரில்தான் தொடங்கியது. துறைமுகத்துக்குப் போகிற வழியில் இருந்த நம் ஆஸ்பத்திரிக்கு, நோயாளிகளைப் பார்த்து ஜெபம் செய்கிற வேலைக்காக நீ நம் பக்கத்து ஊரான நாசரேத்திலிருந்து வந்திருந்தாய். நான் கடற்கரைத் தெருக் கத்தோலிக்கப் பெண், ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். என் சட்டையில் குத்தியிருந்த பெயரைப் படித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாய்.

“பார்பரான்னா என்னன்னு தெரியுமாளா? கிரேக்கக்காரன் காதுக்கு மத்தவுங்க பேசுததெல்லாம் பர் பர்னு கேக்குமாம். பேசுனா வெளங்காதவன்னு அர்த்தம்.”

“எங்க அம்மா பேரு மார்கரெட். அதுக்கும் ஏதாவது வச்சிருக்கியா?”

“அது முத்து. அவுங்க தப்பிச்சுட்டாவ.”

என் அப்பா முத்துக்குளித்தவர். பக்கத்து வீட்டு முத்தம்மாளும் என் அம்மாவும் ஒரே பெயரை வைத்துக்கொண்டுதான் இத்தனை காலம் குழாயடியில் சண்டை போட்டிருக்கிறார்கள் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

இறையியல் கல்லூரியில் ஆண்களோடு சரிசமமாக உட்கார்ந்து கிரேக்கம் படித்துப் பட்டம் வாங்கியவள் நீ. ஆனால் அப்போது உன் சபையில் பெண்களுக்குக் குருப்பட்டம் கிடையாது. உன்னோடு படித்தவர்கள் அங்கி போட்டுக்கொண்டு பீடத்தில் நின்றார்கள். ஆராதனை முடிவில் கையை உயர்த்தி ஆசீர்வாதம் கூறுவது அவர்களுக்கு மட்டுமே உரியது. நீ ஜெபம் செய்யலாம், ஆசீர்வதிக்கக் கூடாது. எனக்கு அதை நினைத்தாலே பற்றிக்கொண்டு வரும். நீயோ கோபப்படாமல் சொற்களைப் பிரித்துப் போட்டு விளையாடுவாய்.

“பிஷப்னா கிரேக்கத்துல கண்காணி. உப்பளத்துல குடையப் புடிச்சுட்டு நிக்காருல்லா, அவருதான். குருப்பட்டத்துக்கு முந்துன படி டீக்கன், அப்பிடின்னா பந்தியில பரிமாறுதவன். பரிமாறுதது பொம்பள வேலதான? அத மட்டும் ஏன் நமக்குக் குடுக்கமாட்டேங்காவ?”

உன் அப்பா உன்னைப் பார்க்க வரும்போதெல்லாம், “இந்தப் படிப்ப வச்சு என்னம்மா செய்யப் போற?” என்று கேட்பார். அவரிடம் நீ பதில் சொன்னதில்லை. அவர் போன பிறகு என்னிடம், “அவர் கேக்குதது சரிதானளா” என்பாய். அதைச் சொல்லும்போது மட்டும் விளையாட்டெல்லாம் போய்விடும். உன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வராது.

அப்புறம் அந்தக் கப்பல் வந்தது. புதுத் துறைமுகம் திறந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. கப்பல் ஏஜென்ட் ஆபீஸ் அண்ணாச்சி ஒரு கிரேக்க மாலுமியைக் காரில் கொண்டுவந்து இறக்கினார். பனைமரம் மாதிரி ஆள், வலது அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தான். குடல்வால் வீங்கியிருந்தது. சாயங்காலத்துக்குள் எடுக்காவிட்டால் உடைந்து சீழ் பரவிவிடும், ஆளே தப்பமாட்டான் என்றார் டாக்டர். அவனுக்கு இங்கிலீஷ் வராது. தள்ளுவண்டியைத் தியேட்டர் பக்கம் திருப்பியதுமே அவனுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. கப்பல் போய்விடும், தெரியாத ஊரில் நம்மை அறுத்துப் போட்டுவிடுவார்கள் என்கிற பயம். சம்மதம் இல்லாமல் டாக்டர் எப்படிக் கை வைப்பார்?

“நம்ம ஜெபக்காரம்மாவுக்குக் கிரேக்கம் தெரியும் டாக்டர்” என்று நான்தான் பெருமையாகச் சொன்னேன்.

நீ பிரசவ வார்டிலிருந்து ஓடிவந்தாய். அவன் பக்கத்தில் குனிந்து, கல்லூரியில் படித்தபடியே, எழுத்து எழுத்தாகச் சுத்தமாகப் பேசினாய். அவன் உன்னையே பார்த்தான். மறுபடியும் சொன்னாய். அவன் என்னைப் பார்த்தான், டாக்டரைப் பார்த்தான், கடகடவென்று ஏதோ கேட்டான். அதில் ஒரு சொல்கூட உனக்குப் பிடிபடவில்லை.

“முழிக்கான்ளா” என்றாய். “ரெண்டாயிரம் வருசத்துக்கு முந்துன பாஷய, வெள்ளக்காரன் சொல்லிக்குடுத்த மாதிரிப் பேசுதேன். இன்னைக்கு நாந்தான் பார்பரா.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். ஆனால் கண் நிறைந்திருந்தது. உன் அப்பாவின் கேள்விக்கு அந்தத் தியேட்டர் வராந்தாவில், எல்லார் முன்னாலும் பதில் கிடைத்துவிட்டது என்று நீ நினைத்தாய். உன்னைக் கூப்பிட்டிருக்கவே கூடாது என்று எனக்குப் பட்டது.

போகத் திரும்பியவள், “பேச்சு மாறிட்டு, எழுத்து மாறலியே” என்று நின்றாய். அவனுடைய ஜுர அட்டையை எடுத்துப் பின்பக்கத்தில் ஒரு சொல் எழுதி முகத்துக்கு நேரே பிடித்தாய். அவன் உதடு அசைந்தது. வைத்தியர் என்பதற்கு நீ இயாட்ரோஸ் என்பாய், அவன் யாத்ரோஸ் என்று வாசித்தான். டாக்டரைக் கைகாட்டினாய். ‘நல்லவர்’ என்று எழுதினாய். ‘பயப்படாதே’ என்று எழுதினாய். அவன் கதவு நிலையை விட்டுவிட்டு அட்டையை வாங்கிக்கொண்டான்.

அடுத்த சொல்லில்தான் வினை வந்தது. கத்தி என்று எழுத வேண்டும். உனக்குத் தெரிந்ததெல்லாம் வேத புத்தகத்துக் கிரேக்கம்தான். அதில் சேவகர்கள் உருவிக்கொண்டு வருகிற வாள்தான் இருந்தது. அதையே எழுதிவிட்டாய். நல்ல வைத்தியர் வாளோடு வருகிறார் என்று படித்தவன் அலறிக்கொண்டு மறுபடியும் நிலையைப் பிடித்தான். நீ பதறிப்போய் வாளுக்கு முன்னால் ‘சின்ன’ என்று சேர்த்தாய். நம் மைக்ராஸ்கோப்பில் இருக்கிற அதே மைக்ரோ. அவன் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் விரித்து, இவ்வளவா என்று காட்டினான். நீ அவன் விரல்களைப் பிடித்துப் பாதியாகக் குறைத்தாய். அந்த வலியிலும் அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் வயிறு இன்னும் வலித்து, உன்னைத் திட்டினான் என்று நினைக்கிறேன்.

“அனஸ்தீசியா குடுப்பாங்கன்னு எழுதுளா” என்று நான் பின்னாலிருந்து சொன்னேன். அவன் சட்டென்று என் பக்கம் திரும்பி அதே சொல்லைத் திருப்பிச் சொன்னான். உணர்வில்லாமை. அவன் வீட்டுச் சொல்லைத்தான் நாங்கள் தினமும் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறோம். “பேசுனா வெளங்காதவ பேசுனது வெளங்கிட்டு பாரேன்!” என்று என் முதுகில் ஒரு போடு போட்டாய்.

அவன் சம்மதித்தான். தியேட்டர் வாசலில் வண்டியை நிறுத்தச் சொல்லி, உன் கையைப் பிடித்துத் தன் தலையில் வைத்துக்கொண்டு ஒரே ஒரு சொல் சொன்னான். அவன் வாயால் கேட்டு நீயாகப் புரிந்துகொண்ட முதல் சொல் அது. கையை எடுக்கவும் முடியாமல் வைக்கவும் முடியாமல் நின்றாய்.

“ஆசீர்வாதம் கேக்குதான்ளா. நான் எப்பிடிக் குடுக்க?”

“அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம்?” என்றேன்.

“நல்ல சொல்லு. பிரிச்சா அவ்வளவுதான்.”

“நல்ல சொல்லு சொல்லுததுக்கு எவர்ட்ட போயி அனுமதி கேக்கணும்?”

நீ கண்ணை மூடிக்கொண்டு, கையை அவன் தலையில் நன்றாக ஊன்றி, அந்தப் பழைய கிரேக்கத்திலேயே சொன்னாய். இந்தத் தடவை அவன் வரிக்கு வரி தலையாட்டினான். அவர்கள் கோயில் பூசையில் இன்னமும் அந்தப் பழைய பாஷைதானாம், பிற்பாடு தெரிந்தது. நீ சொல்லி முடித்துக் கண்ணைத் திறந்தபோது இருந்த முகத்தை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. அவ்வளவு சந்தோஷம்.

அவன் பிழைத்தான். கப்பல் அவனை விட்டுவிட்டுப் போய்விட்டது. ஊர் திரும்ப ரயில் ஏறுகிறவரை உன் உச்சரிப்பைத் திருத்துவதுதான் அவனுக்கு வேலை. அடுத்த முறை வந்த உன் அப்பா வழக்கம்போலக் கேட்டார். “ஒரு ஆளு பொழச்சிருக்காம்ப்பா” என்றாய். அவர் அதற்குப் பிறகு கேட்கவில்லை.

பின்னாளில் உன் சபையிலும் பெண்களுக்கு அங்கி கிடைத்தது. அதற்குள் உனக்குத் தலை நரைத்துவிட்டது. ஒரு சின்னப் பெண்ணுக்குப் பட்டம் கொடுத்த ஆராதனைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாய். வயிற்றெரிச்சலெல்லாம் எனக்குத்தான். நீ எல்லாப் பாட்டையும் வாய்விட்டுப் பாடினாய்.

உன் கடைசி நாட்களில் நாசரேத்து வீட்டில் உன் கட்டிலருகே இருந்தேன். குருவானவர் வந்து ஜெபித்துவிட்டுப் போன பிறகு, நீ என் கையைத் தேடிப் பிடித்து உன் தலையில் வைத்துக்கொண்டாய்.

“ஏளா, நானா? நான் வேற சபை, வெறும் நர்சு. எனக்கு என்ன அதிகாரம் இருக்கு?”

“அன்னைக்கு எனக்கு இருந்த அதிகாரந்தான். சொல்லுளா.”

எனக்குக் கிரேக்கம் வராது. அந்த நேரத்தில் தெரிந்த ஜெபம்கூட வரவில்லை. “நல்லபடியா போயிட்டு வாளா” என்றேன், பஸ்ஸேறுகிறவளுக்குச் சொல்வது போல. நீ கண்ணை மூடியபடியே சிரித்தாய். “போறவளப் பாத்து வான்னு சொல்லுதோம் பாரு, இதுக்கு நான் எங்கன போய்ச் சொல்லு தேட?” என்றாய்.

இப்போதெல்லாம் பிரசவத்துக்குப் போகிற தெருப் பெண்களும், கடலுக்குப் போகிற என் தம்பி மகனும் என்னிடம் வந்து தலையைக் குனிகிறார்கள். நான் கூசாமல் கையை வைத்துவிடுகிறேன். எங்கள் கோயில் பங்குச் சாமியார் ஒருநாள் அதைப் பார்த்துவிட்டு, “இந்த அதிகாரத்த யாரு அக்கா உங்களுக்குக் குடுத்தது?” என்று சிரித்தார். ஒரு கப்பல்காரன் ஒருத்திக்குக் கொடுத்தான், அவள் எனக்குக் கொடுத்தாள் என்றேன்.