சாயங்கால வண்டிக்கு முன் பெங்களூர்

ஜனவரி 7, செவ்வாய்

பனி. ஸ்டேஷனில் பக்கத்தில் நிற்பவன் முகம் தெரியவில்லை. வண்டி லேட். குடோனில் திட்டு.

மத்தியானம் மகன் சாமுவிடமிருந்து போன், துபாயிலிருந்து. அவன் பெண்டாட்டி நேஹாவின் சித்தப்பா மகளுக்கு பெங்களூரில் கல்யாணம், 17ஆம் தேதி. மறுநாள் சனிக்கிழமை முழுக்க சும்மா. ஞாயிறு ராத்திரி விமானம்.

"நேஹாவுக்கு ஊர் சுத்திப் பாக்கணுமாம்பா. நீங்கதான் தெனம் பெங்களூர் போறீங்களே, நீங்களே காட்டுங்க."

வீட்டுக்கு எப்போது என்று கேட்க வாயெடுத்தேன். "டைம் பாத்துக்கலாம்பா" என்று முந்திக்கொண்டான். பெரிய கெட்டிக்காரன். அவன் அம்மா எஸ்தரை அடக்கம் செய்துவிட்டுப் போனவன், அப்புறம் நம்ம ஊர் சாம்பியன் ரீப்ஸ் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. தாயைப் பறிகொடுத்த பிள்ளை என்று நானும் விட்டுப்பிடித்தேன். போதும்.

யோசித்து வைத்திருப்பது: காட்ட வேண்டியதையெல்லாம் சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் காட்டி முடித்துவிட வேண்டும். அப்புறம் போக இடமில்லை என்று நிற்பார்கள். அப்போது சாயங்கால வண்டியில் ஏற்றிவிட வேண்டும். வீடு. ஒரே ஒரு ராத்திரி. காலையில் சர்ச். அங்கிருந்து டாக்சியில் ஏர்போர்ட்.

ஒரு சிக்கல். எனக்கு பெங்களூர் தெரியாது. கே.ஆர்.புரத்தில் இறங்குவேன், குடோன், திரும்ப கே.ஆர்.புரம். அதற்கு மேல் வண்டி எங்கே போகிறது என்று பார்த்ததில்லை.

ஜனவரி 8, புதன்

வண்டியில் முனிரத்தினத்திடம் கேட்டது தப்பு. எதிர் சீட்டில் உட்கார்ந்து வருகிறவன், கன்டோன்மென்ட் வரை போகிறவன், விஷயம் தெரிந்தவன் என்று கேட்டேன்.

"இன்னாண்ணா, தலை நரைக்கிற வரைக்கும் பெங்களூர் போயி வந்துகினு கீறே, லால்பாக் எந்தப் பக்கம்னு என்னைக் கேக்குறே?"

பெட்டியே சிரித்தது. சிரிக்கட்டும். அப்புறம் அவனே சொன்னான்: கே.ஆர்.புரத்திலேயே மெட்ரோ ஏறு, மெஜஸ்டிக்கில் பச்சை லைனுக்கு மாறு, லால்பாக் என்றே ஸ்டேஷன் இருக்கிறது. "வூட்டுக்குக் கூட்டினு வா அண்ணா, முதல்ல அதப் பாரு" என்றான் இறங்கும்போது.

அதற்குத்தானே இவ்வளவு பாடும்.

ஜனவரி 12, ஞாயிறு

சர்ச்சுக்குப் போகவில்லை. ஒத்திகை பார்க்கப் போனேன். வெயில் இதமாக இருந்தது.

மெட்ரோ: ஏ.சி. டோக்கனை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன். பின்னால் ஒரு பெண், "அங்கிள், இல்லி" என்று கன்னடத்தில் இடம் காட்டி, கையைப் பிடித்து வைத்தாள்.

விதான சௌதா: சட்டசபை, உள்ளே விட மாட்டார்கள். வெளியே ஒரு போட்டோ. நல்லது, சீக்கிரம் முடியும்.
கப்பன் பார்க்: மரம், நிழல், நாய் கூட்டி வருகிறவர்கள். ஒரு சுற்று போதும்.
லால்பாக்: கண்ணாடி மாளிகை காலி. இதுவும் சீக்கிரம்தான்.
அரண்மனை: காதில் மாட்டிக்கொள்ள ஒரு கருவி கொடுக்கிறார்கள். அது பேசிக்கொண்டே இருக்கிறது. வேண்டாம்.
கமர்ஷியல் ஸ்ட்ரீட்: முழுக்கத் துணிக்கடை, கூடவே கூடாது. பெண்பிள்ளை உள்ளே போனால் வண்டி போய்விடும்.

லால்பாக்கில் ஒரு குடும்பம் போனை நீட்டி, போட்டோ எடுக்கச் சொன்னது. எடுத்தேன். "உங்களை எடுக்கட்டுமா?" என்று கேட்டார் அந்த மனிதர். வேண்டாம் என்றேன். தனியாக நின்று எடுத்து யாருக்குக் காட்ட? தோசை சாப்பிட்டேன், நன்றாக இருந்தது. நன்றாக இருக்கிறது என்று சொல்ல எதிரே ஆளில்லை. எஸ்தரை ஒரு தடவையாவது கூட்டி வந்திருக்கலாம். பாவி, ஒரு மணி நேரத் தூரம்கூட இல்லை குடோனிலிருந்து.

ஜனவரி 15, புதன்

பொங்கல் லீவு பாக்கி. முன் அறைக்குச் சுண்ணாம்பு. புது பெட்ஷீட், நீலம். கொசுவலை. பாத்ரூம் கதவுத் தாழ்ப்பாள் சரி செய்தாயிற்று.

பக்கத்து வீட்டு மேரியக்கா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து: "இன்னா டேனியலு, மருமக வர்றாளா? மட்டன் நான் ஆக்கி வெக்கிறேன், நீ ஆக்கிக் கருக்கி வெக்காதே."

"டைம் பாத்துக்கலாம்னு சொல்லிருக்கான்க்கா."

"அது இன்னா பேச்சு, பெத்த வூட்டுக்கு வர டைம் பாக்குறது?"

சுண்ணாம்பு வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். இடுப்பு வலி.

ஜனவரி 18, சனி

வண்டியில் எழுதுகிறேன். தனியாக. ஜன்னல் சீட் கிடைத்தது.

காலையில் கப்பன் பார்க் வாசலில் சந்தித்தோம். சாமு இளைத்திருக்கிறான். நேஹா காலைத் தொட்டாள், எனக்குக் கூச்சம். அவளுடைய இந்தி, என் இங்கிலீஷ், நடுவே சாமு. நல்ல பெண். எதைக் காட்டினாலும் "வாவ் பப்பா". விதான சௌதா கால் மணி நேரம். பார்க் ஒரு சுற்று. எல்லாம் நினைத்தபடி. உள்ளுக்குள் கும்மாளம்தான் எனக்கு.

லால்பாக்கில் மண்டை காய்ந்தது. மலர்க் கண்காட்சியாம். போன ஞாயிறு ஈ காக்கை இல்லை, இன்று திருவிழா. டிக்கெட்டுக்கு வரிசை, கண்ணாடி மாளிகைக்கு வரிசை. நேஹா ஒவ்வொரு பூவையும் தனித்தனியாகப் போட்டோ எடுத்தாள். நான் வாட்சைப் பார்ப்பதை சாமு பார்த்துவிட்டான்.

கண்ணாடி மாளிகையை விட்டு வெளியே வந்ததும் நேஹா கொய்யா வாங்கப் போனாள். நானும் சாமுவும் அங்கேயே இருந்த பாறைமேல் ஏறி உட்கார்ந்தோம். காற்று. கொஞ்ச நேரம் அவன் போனை நோண்டினான்.

"எதுக்குப்பா காலைலேர்ந்து எங்களத் தொரத்திகினே இருக்கீங்க?"

மறைக்கத் தோன்றவில்லை. சொன்னேன். சாயங்கால வண்டி, பெட்ஷீட், மேரியக்காவின் மட்டன், எல்லாம். வாடா ஒரு ராத்திரி என்று கேட்டேவிட்டேன்.

போனைப் பையில் போட்டான். என்னைப் பார்க்காமல் பேசினான்.

"நேஹாவுக்கு ஒண்ணுமில்லப்பா, அவ ரெடி. எனக்குத்தான். அம்மா இல்லாத வூட்டுக்கு நான் எப்டிப்பா வர்றது? கதவத் தொறந்ததும்…" அழுதுவிட்டான். "என்னால முடியாதுப்பா."

சின்ன வயதில் விழுந்தால்கூட அழ மாட்டான் அவன். முதுகில் கை வைத்தேன். சரிடா, விடு என்றுதான் சொல்ல நினைத்தேன். வாயில் வந்தது வேறு.

"நான் தெனமும் தொறக்கிறேன்டா."

 

நேஹா கொய்யாவோடு மேலே ஏறி வந்தாள், மிளகாய்ப்பொடி தூவி, ஆளுக்கு ஒரு பொட்டலம். மூன்று பேரும் தின்றோம். சாமு முகத்தைத் துடைத்துக்கொண்டான். எழுந்து, எனக்கும் கை கொடுத்துத் தூக்கிவிட்டான்.

"அடுத்து எங்கப்பா போறோம்?" என்றான். கமர்ஷியல் ஸ்ட்ரீட் என்றேன்.