அன்பு வாடிக்கையாளரே

மார்ச் 4, செவ்வாய்

இன்றைக்கும் வாய் மூடாமல் பேசினார் மனுஷன். குடிநீர் வாரியத்திலிருந்து எங்கள் தலையில் கொண்டுவந்து இறக்கிய புது நூலக இயக்குநர். ஊழியர்கள் வைத்திருக்கும் பெயர் குழாய். திறந்தால் நிற்காது.

புதிதாக வரும் இயக்குநர்களுக்கு ஆலோசனை சொல்வதும் நூலக ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுப்பதும் என் வேலை. முன்னால் இருந்தவர் நான் பேசும்போது தூங்குவார். பரவாயில்லை, தூங்குகிறவரால் கெடுதல் இல்லை. இவர் எனக்கே பயிற்சி கொடுக்கிறார். இனிமேல் 'வாசகர்' என்று யாரும் சொல்லக் கூடாதாம், 'வாடிக்கையாளர்' என்றுதான் சொல்ல வேண்டுமாம். தவணை தாண்டினால் கைபேசிக்குச் செய்தி போகும்: 'அன்பு வாடிக்கையாளரே, தாங்கள் எடுத்த இன்ன புத்தகம் இன்னும் வந்து சேரவில்லை.'

புத்தகத்தின் பெயர் வேண்டாம் சார் என்றேன். யார் என்ன படிக்கிறார் என்பது வெளியே போகக் கூடாது, என் வகுப்பில் முதல் பாடமே அதுதான்.

"என்ன மேடம் நீங்க? தண்ணி பில்லுல எத்தனை லிட்டர்னு போடாமயா அனுப்புவோம்?"

சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பா அது? சம்பளத்துக்குச் சிரிக்கிற சிரிப்பு.

மார்ச் 5

எழுத்திலும் கொடுத்துவிட்டேன். 'பார்த்தேன்' என்று கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறார். பார்த்தாராம்!

மார்ச் 12, புதன்

செய்தி போக ஆரம்பித்துவிட்டது. எனக்கே வந்தது. போன் சார்ஜில் கிடந்தது, எடுத்துப் படித்தவர் வீட்டுக்காரர். "என்னம்மா, 'கோபத்தை அடக்குவது எப்படி'யா? நல்ல புத்தகம். திருப்பிக் குடுத்துட்டு மறுபடியும் எடு" என்றார். நானும் சிரித்தேன்.

பாத்திரம் தேய்க்கும்போதுதான் உறைத்தது. என் போனை இவர் எடுத்தால் கேலி. எல்லா வீட்டிலும் கேலியோடு முடியுமா?

மார்ச் 18, செவ்வாய்

முடியவில்லை.

கடைவீதிக் கிளையின் நூலகர் போன் செய்தாள். அவளைத் தேள் என்போம். வாய்க்காக வந்த பெயர், அவளுக்கும் அதில் கொஞ்சம் பெருமைதான். இன்று அந்த வாய் குழறியது.

"அக்கா, நம்ம தையல்காரம்மா இருக்காங்கல்ல, ஜன்னலோரமா உக்காந்து படிப்பாங்களே... விவாகரத்துச் சட்டம் புத்தகம் எடுத்துட்டுப் போயிருந்தாங்க. குடுத்த நம்பர் புருஷனோடது. அந்த ஆளு போனைத் தூக்கிக்கிட்டு இங்க வந்துட்டான். எம் பொண்டாட்டிக்கு இதைக் குடுத்தது எவன்னு கேட்டான்க்கா."

நான்தான்டா கொடுத்தேன், வெளியே போ என்று கத்தியிருக்கிறாள். போய்விட்டான். எங்கே போயிருப்பான்? வீட்டுக்குத்தானே?

மார்ச் 19

தேள் தையல்காரி வீட்டுக்குப் போய்ப் பார்த்திருக்கிறாள். பூட்டு. பக்கத்து வீட்டம்மா, "ராத்திரி சத்தம் கேட்டுச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாளாம்.

மார்ச் 20, வியாழன்

குழாயிடம் போனேன். பெயரை இன்றைக்கே எடுக்கச் சொல்லுங்கள் சார் என்று கெஞ்சினேன். ஆமாம், கெஞ்சினேன். டீயை உறிஞ்சிக்கொண்டே சொல்கிறார்: "புருஷன் நம்பரைக் குடுத்தது அந்தம்மா தப்பு. நாம என்ன பண்றது? அதை விடுங்க. உங்க கிளை நூலகர் ஒரு வாடிக்கையாளரை வாடா போடான்னு பேசியிருக்காங்க, புகார் வந்திருக்கு. நடத்தைப் பயிற்சி குடுங்க. புன்னகையில இருந்து ஆரம்பிங்க."

வாடிக்கையாளராம்! அந்த ஆளுக்கு உறுப்பினர் அட்டையே கிடையாது.

சீ, என்ன ஜென்மம் இது. வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டுக் கை கழுவினேன், அப்பவும் அந்த ரூம் கையில ஒட்டிக்கிட்டு இருக்கு. அந்தப் பொம்பள எங்க இருக்கா, உசுரோட இருக்காளான்னு ஒரு வார்த்தை கேட்டானா? ஒரு வார்த்தை! பிஸ்கட் எடுத்துக்கங்க மேடம்ங்கறான். நான் எடுத்துக்கிட்டேன். ஏன் எடுத்தேன்?

மார்ச் 24, திங்கள்

தேளுக்குப் புன்னகைப் பயிற்சி. பெரிய கூடம், நாங்கள் இரண்டே பேர். "சிரிக்கட்டுமாக்கா?" என்றாள். சிரிக்க வாயெடுத்தவள் அழுதுவிட்டாள். 'பயிற்சி முடிந்தது' என்று எழுதி அனுப்பினேன்.

ஏப்ரல் 2

தையல்காரியைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

ஏப்ரல் 10, வியாழன்

செய்தியிலிருந்து புத்தகப் பெயரை எடுத்துவிட்டார்கள். ஒரே நாளில். காரணம் கேட்டால் சிரிப்பதா, காறித் துப்புவதா?

நகரசபைத் தலைவர் மூலநோய்க்கு ஒரு வைத்தியப் புத்தகம் எடுத்திருந்தார். அவர் போன் எப்போதும் உதவியாளர் கையில். நேற்று கூட்டத்தின் நடுவே செய்தி வந்திருக்கிறது. வருகிற செய்தியையெல்லாம் உரக்கப் படித்துக் காட்டுவது உதவியாளரின் வழக்கம். படித்திருக்கிறார், புத்தகப் பெயரோடு. அத்தனை உறுப்பினர்களும் குனிந்து மேஜையைப் பார்த்தார்களாம். பிறகு குழாய்க்குப் போன் போயிருக்கிறது. செமத்தியாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

ஒரு பெண் காணாமல் போனபோது ஆடாதது, அசையாதது. தலைவருக்கு மூலம் என்றதும் எல்லாம் ஓடுகிறது. கருமம்.

ஏப்ரல் 16, புதன்

கேவலத்துக்கும் ஓர் அளவு வேண்டாமா? குழாய்க்கு விருது. 'வாசகர் தனியுரிமை காத்தவர்'. அதில் மட்டும் 'வாசகர்' திரும்பி வந்துவிட்டார், கவனித்தேன். ஏற்புரையை நான் எழுத வேண்டுமாம். "உங்களுக்குத்தான் மேடம் இந்த விஷயத்துல நல்ல பிடிப்பு."

எழுதிக் கொடுத்தேன். வெட்கங்கெட்டவள்.

ஏப்ரல் 25

விழா. அவர் படித்தார், என் வரிகளை, தப்பும் தவறுமாக. கைதட்டினேனா? தட்டினேன்.

மே 7, புதன்

கடைவீதிக் கிளையில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பயிற்சி, உறுப்பினர் சேர்ப்பது எப்படி என்று. நான் பேசிக்கொண்டிருக்கும்போது தேள் எழுந்து வாசலுக்கு ஓடினாள். அங்கே தையல்காரி. புருவத்துக்கு மேல் புதுத் தழும்பு. தேள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள், விடவே இல்லை.

"அங்க இல்லம்மா இப்ப. தனியா ரூம் எடுத்துட்டேன். மெஷினை மட்டும் தூக்கிட்டு வந்துட்டேன்."

நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அவள் அதற்கு வரவில்லை. புது அட்டை வேண்டுமாம், அதே புத்தகம் வேண்டுமாம். "அதைக் கிழிச்சுப் போட்டுட்டாரு. பாதிதான் படிச்சிருந்தேன்."

தேள் உள்ளே போய் இன்னொரு பிரதியோடு வந்தாள். புது ஊழியர் ஒருத்தி கணினியில் விவரங்களை ஏற்றினாள்.

"போன் நம்பர்?"

"இல்லம்மா. எனக்குன்னு போனே கிடையாது."

"நம்பர் இல்லாம கம்ப்யூட்டர் ஏத்துக்காது மேடம்" என்று அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்தாள். எல்லோரும் பார்த்தார்கள். பயிற்சி கொடுக்க வந்தவள் நான்தானே?

விசைப்பலகையை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். குழாயின் சொந்தக் கைபேசி எண் எனக்கு மனப்பாடம். தட்டினேன். கணினி மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது.

"யாரோட நம்பர் மேடம்?"

"பொறுப்பான ஒருத்தரோடது."

தேள் எட்டித் திரையைப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டு அலமாரிக்குப் பின்னால் போய்விட்டாள்.

தவணை தாண்டினால் செய்தி இனி அவருக்குப் போகும். அன்பு வாடிக்கையாளரே என்று. என்ன புத்தகம் என்று மட்டும் அதில் இருக்காது.

"அவசரமே வேண்டாம்மா" என்றேன் தையல்காரியிடம். "எத்தனை நாள் வேணும்னாலும் வச்சுப் படிங்க."