முக்கோண ஜன்னல்

14 ஜூலை 1996, ஞாயிறு

ரிச்சர்ட்ஸ் டவுன் வினாடி வினாவில் இன்று ஜெயித்துவிட்டோம்.

கடைசிக் கேள்விக்குத் திரையில் ஒரு பழைய ஜெட் விமானத்தின் முன்பாதியை மட்டும் காட்டினார்கள். பெயர் சொல்ல வேண்டும். என் கணவர் "காமெட்" என்று எழுதினார். நான் அதை அடித்துவிட்டு "காரவெல்" என்று எழுதினேன்.

நடத்தியவர் சிரித்தார். "மூக்கைப் பார்த்தாலே தெரியுதேம்மா, காமெட்தான்."

பத்து வயதிலிருந்து விமானப் படம் வெட்டி ஒட்டுகிறவளிடம் மூக்கைப் பற்றிப் பேசுகிறார்!

"விடு கீதா, எல்லாரும் பாக்கறாங்க," என்று இவர் புடவையைப் பிடித்து இழுத்தார். நான் விடவில்லை. எழுந்து திரைக்கே போய்விட்டேன்.

"மூக்கு காமெட்டோடதுதான் சார். அதே மூக்கைத்தான் காரவெல்லுக்கும் வெச்சாங்க. ஜன்னலைப் பாருங்க, முக்கோணம். காமெட்ல இது கிடையாது."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கையோடு கொண்டுவந்திருந்த புத்தகத்தைப் புரட்டினார். "காரவெல்," என்றார். பின்வரிசையிலிருந்து யாரோ கன்னடத்தில் "சூப்பர் கண்ரீ!" என்று கத்தினார்கள்.

திரும்பும் வழியில் இவர் பேக்கரி முன்னால் ஸ்கூட்டரை நிறுத்திச் சமோசா வாங்கினார். ஒன்றை என் கையில் வைத்து, "ஜன்னல் சூடா இருக்கு, சாப்பிடு," என்றார்.