அழைக்காமல் வருகிறவர்கள்

அக்டோபர் 21, திங்கள்
ஒரே சமயத்தில் மூன்று பாடப்புத்தகங்கள். புவியியலைத் திருத்த உட்கார்ந்தால் வரலாறு கூப்பிடுகிறது. டான்யூப் நதி எந்தப் பக்கம் ஓடுகிறது என்று இன்று ஒரு நிமிடம் யோசித்தேன் — அது ஜன்னலுக்கு வெளியேதான் ஓடுகிறது! எங்கள் பதிப்பகத் தலைவி பெனேவா மேடம் மேசைக்கே வந்தார். "நவம்பர் முடியறதுக்குள்ள மூணும் அச்சுக்குப் போகணும் ஸ்டிலியானா. அழணும்னா சாயங்காலமா அழு."

அக்டோபர் 24
கணினியில் ஓர் ஏஐ உதவியாளரைப் போட்டுக்கொண்டேன். ஆசிரியர்கள் எழுதி அனுப்பிய குறைகளைப் பாடவாரியாகப் பிரித்துத் தருகிறது. காலையில் யார் செய்தி அனுப்பினாலும், "வேலையில் இருக்கிறார், மூன்று மணிக்குப் பார்ப்பார்" என்று அதுவே பதில் போடுகிறது. காவல்காரன் என்று பெயர் வைத்தேன்.

அக்டோபர் 30
ஐந்தரைக்கெல்லாம் வீடு. நாவலில் நாற்பது பக்கம் படித்தேன். யாரும் கூப்பிடவில்லை. சொர்க்கம்.

நவம்பர் 8, வெள்ளி
பக்கத்து மேசையில் வரைபடம் வரையும் ரங்கெலுக்கு இன்று பெயர்நாள், அவன் பெயர்கொண்ட புனிதரின் திருநாள். ஏன் நினைவூட்டவில்லை என்று கேட்டால், அழைப்பு எதுவும் வரவில்லையே என்கிறது காவல்காரன். எங்கள் ஊரில் பெயர்நாளுக்கு யார் அழைப்பார்கள்? நினைப்பு இருப்பவர்கள் வருவார்கள், அவ்வளவுதான். நான் காதை அடைத்துக்கொண்டு மலைத்தொடர்களைத் திருத்திக்கொண்டிருந்தேன்; அடுத்த அறையில் எல்லோரும் அவனோடு சாக்லேட் தின்று முடித்துவிட்டார்கள்.
"வாடின்னு செய்தி போட்டேன். மூணு மணிக்குப் பார்ப்பாங்கன்னு பதில் வருது. ரெண்டடி தள்ளி உட்கார்ந்துக்கிட்டு!" சிரித்துக்கொண்டேதான் சொன்னான். சிரிப்பு முழுசாக இல்லை.

நவம்பர் 22
மூன்றும் அச்சுக்குப் போயின! "கடைசிவரைக்கும் நீ அழவே இல்லையே" என்றார் மேடம், ஏமாந்தவர் மாதிரி.

நவம்பர் 25, திங்கள்
நாளை என் பெயர்நாள். பாலாடைக்கட்டி வைத்து இரண்டு தட்டு பனிட்சா சுடப்போகிறேன். யார் வருவார்கள்? ஒரு மாதமாக எல்லோருக்கும் கதவைச் சாத்தியவள் நான். வாருங்கள் என்று சொல்லவும் முடியாது. தனிமை பிடிக்கும் எனக்கு. ஆனால் நாளைக்கு மட்டும்... சீக்கிரம் வீட்டுக்குக் கிளம்ப மறக்காமலிருக்க, "மாலை ஆறு மணி, பெயர்நாள், அலுவலகத்தார்" என்று காவல்காரனிடம் குறித்துவைத்தேன்.

நவம்பர் 26, மதியம்
ஐயோ. அந்த மடையன் எல்லோருக்கும் அழைப்பு அனுப்பிவிட்டான்! "6.00 முதல் 6.45 வரை. வருகையை உறுதிசெய்யவும்."
ரங்கெல்: "அழைச்சாத்தான் வரணும்னா நாங்க என்ன குழாய் ரிப்பேர்க்காரங்களா?"
பெனேவா மேடம்: "முக்கால் மணி நேரமா! பல் டாக்டரே இதைவிடத் தாராளம்."
போச்சு. இனி யார் வரப்போகிறார்கள்?

நவம்பர் 27
நேற்று சரியாக ஆறு மணிக்கு எல்லோரும் வீட்டுக்கு வந்தார்கள். மேடம் கையில் பூக்கள். பாதிப் பனிட்சாதான் தீர்ந்திருக்கும், ரங்கெலின் கைபேசி அலறியது. "ஆறே முக்கால்! நேரம் முடிஞ்சுது, எழுந்திருங்க!" அத்தனை பேரும் முகத்தில் சிரிப்பே இல்லாமல் கோட்டை மாட்டிக்கொண்டு, வரிசையாகப் படியிறங்கிப் போய்விட்டார்கள். தட்டும் கையுமாக நின்றேன்.
வாசல் மணி அடித்தது. கதவைத் திறந்தேன்.
"இப்போ நாங்களா வந்திருக்கோம் ஸ்டிலி," என்றான் ரங்கெல். "மிச்ச பனிட்சா எங்க?"

நவம்பர் 28
புதிதாக இரண்டு புத்தகங்கள் வந்திருக்கின்றன. குறைகளைக் காவல்காரனே பிரிக்கட்டும், காலையையும் காக்கட்டும். பத்து மணிக்கு மட்டும் காபி என்று குறிக்கச் சொன்னேன். யாருடன் என்று கேட்டது.
யார் வருகிறார்களோ அவர்களுடன்.