புகையிட்ட அத்திவனம் குறித்து

அத்திவனத்துப் புகையாணையை அரசர் திரும்பப் பெறல் வேண்டும். எதை வேண்டுமானாலும் கேள், இதை மட்டும் கேளாதே என்று பேரமைச்சர் மும்முறை எச்சரித்தமையால், மறவாதபடி முதலிலேயே எழுதினேன். இனி முறைமை.

மங்கலம் பெருகுக. கடல் முழங்க, முரசு முழங்க, இரண்டினும் உரக்க அவைப்புலவர் முழங்க, மருதங்கோட்டு அரியணையில் வீற்றிருக்கும் விறல்மாறத் தேவரின் திருவடிகளுக்கு, தன் குலத்தில் முதன்முதல் எழுத்தாணி பிடித்தவளும், கடிகையில் கற்றுத் தேறி அரண்மனை ஓலை எழுதுபவளும், அத்திவனக் காவலர் கோவனின் மகளுமாகிய வெள்ளச்சி வணங்கி விடுக்கும் ஓலை.

சென்ற முடிசூட்டு நாளில், வழக்கப்படி ஆண்டின் முதல் அத்திப்பழத்தைத் தேவரீர் பிட்டருளினீர். உள்ளே எள்ளினும் சிறிய குளவிகள். அத்தியைப் பிட்டால் என்ன இருக்கும் என்று ஊரில் எல்லார்க்கும் தெரியும், அவைக்குத்தான் தெரியவில்லை. அரச அவமதிப்பு என்றார் அமைச்சர். வனமெங்கும் கந்தகப் புகையிட ஆணை பிறந்தது. அதைப் பிழையின்றி எழுதியவள் நானே.

குளவி நுழைந்தால்தான் காய்க்குள் ஒளிந்த பூ கருவுறும். அக்காய்க்குள்தான் குளவியின் குஞ்சும் வளரும். “சாமி, பூச்சி போனா பழமும் போயிடும்” என்று என் தந்தை அவையில் விண்ணப்பித்தார். “மரத்தடியில் கிடப்பவன் மந்திரம் சொல்கிறானோ? அத்தி பழுக்கும்வரை சிறையில் கிட” என்று அமைச்சர் தீர்ப்பளித்தருளினார். குளவியைக் கொன்றுவிட்டுப் பழத்துக்குக் காத்திருக்கும் இந்த நுட்பத்தைக் கடிகையில் எனக்கு எவரும் கற்பிக்கவில்லை.

காய்கள் பச்சையாகவே உதிர்ந்தன. காட்டில் விதை தூவிவந்த இருவாச்சிப் பறவைகள் மலையேறிவிட்டன. பசித்த வௌவால்கள் அரண்மனை மாந்தோப்பில் இறங்கின. ஆகவே வௌவால்களுக்கும் புகை என்று இன்று புதிய ஆணை எழுதச் சொன்னார் அமைச்சர். மறுத்தேன். “உனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தது எழுதத்தானே, யோசிக்கவா?” என்றார்.

எழுதவில்லை. ஓலை எழுதும் பணிக்கென எனக்குத் தந்த முத்திரை மோதிரத்தை இவ்வோலையோடு கட்டியிருக்கிறேன். ஆற்றின் அக்கரையில் புகை எட்டாத அத்தி ஒன்று உண்டு. புகைச்சட்டிகளில் நீர் ஊற்றிவிட்டு, அதன் குளவி நிறைந்த காய்க்கொத்துகளைத் தேவரீர் மரங்களில் கட்டப்போகிறேன். அத்தி பழுத்ததும் கோவனை விடுவிப்பது அரசாணை. அதை நிறைவேற்றப் புறப்பட்டவளைத் தடுப்பவர், பழுக்காத மரத்தடியில் பசித்த வௌவாலோடு வாழ்வாராக.

புகையாணையைத் திரும்பப் பெறுவது தேவரீர் திருவுளம். இதை வாசிக்கும்போது நான் தெற்கு வாசலைக் கடந்திருப்பேன்.