ஒற்றைத் தும்மலில் தவறிய ரயில்

வாசலைத் தாண்டும்போது தும்மிவிட்டேன். ஒற்றைத் தும்மல். வெளியே காரில் மகள் ஹோர்ன் அடிக்கிறாள். "அம்மா, பிளைட்டைத் தவற விடப்போறம்!" நேரம் நிறைய இருக்கிறது, அவள் எதற்கும் பதறுபவள். "ஓம், ஓம், வாறன்" என்றுவிட்டுத் திரும்பி வந்து, தண்ணீர்க் கிளாஸுடன் கதிரையில் உட்கார்ந்திருக்கிறேன். உனக்குச் சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பாய். சொல்வதற்கு நீ இல்லை என்பது இன்னும் பழகவில்லை. அதுதான் எழுதுகிறேன்.

எழுபதுகளில், இதே நகரத்தில், ஸ்ட்ராத்ஃபீல்ட் பகுதி ஃபிளாட்டில் ஓர் அறை உனக்கு, ஓர் அறை எனக்கு. நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த நர்ஸ். நீ ஸ்கொட்லாந்திலிருந்து வந்த நடிகை. அதாவது, நடிகை என்று நீ சொல்லிக்கொண்டாய். சின்ன நாடக அரங்குகளில் தட்டு ஏந்தி வரும் வேலைக்காரி வேடம்தான் கிடைத்தது. வாயைத் திறந்தால் உன் ஸ்கொட்லாந்துப் பேச்சைக் கேட்டு முகம் சுளித்து அனுப்பிவிடுவார்கள். எனக்கும் வார்டில் அதே கதைதான். நான் சொன்னதைத் திரும்பத் திரும்பக் கேட்பார்கள்.

பிறகு ஒரு தொலைக்காட்சித் தொடருக்கு நடிப்புத் தேர்வு வந்தது. அதுவும் கைநழுவினால் ஊருக்கே திரும்புவதென்று முடிவெடுத்திருந்தாய். உன் அம்மா அங்கே பேக்கரியில் வேலைகூடப் பார்த்து வைத்திருந்தார். குசினியில் நான் வெங்காயம் வெட்ட, நீ பக்கத்தில் நின்று லண்டன் சீமாட்டி மாதிரிப் பேசிப் பழகினாய். கேட்கச் சகிக்காது. சொல்லத்தான் எனக்கு மனம் வரவில்லை.

அன்று காலை, போறன் என்று சொல்லாமல், நான் பழக்கிவிட்டபடி "போட்டு வாறன்" என்று கதவைத் திறந்தாய். நான் தும்மினேன். கையைப் பிடித்து இழுத்து வந்து, உட்கார வைத்துத் தண்ணீர் தந்தேன். வேறொருத்தி என்றால் எனக்குப் பைத்தியம் என்றிருப்பாள். நீயோ மேடைக்குப் பின்னால் யாராவது விசில் அடித்தாலே அபசகுனம் என்று நடுங்குகிற நாடகக்காரி. மடக்கு மடக்காகக் குடித்து முடித்தாய். ரயில் போய்விட்டது.

வார்டில் எனக்குக் கை ஓடவில்லை. இந்தப் பிள்ளையின் வாழ்க்கையைத் தும்மியே கெடுத்துவிட்டேனே என்று அழுகை வந்தது.

மாலையில் நீ கதவை உதைத்துத் திறந்தாய். பிந்திப்போன பதற்றத்தில் லண்டன் பேச்சு மறந்தே போயிற்றாம். ஏன் தாமதம் என்று கேட்டவர்களிடம் தும்மல், தண்ணீர், என் பிடிவாதம் எல்லாவற்றையும் உன் சொந்தப் பேச்சிலேயே கொட்டியிருக்கிறாய். அறையே சிரித்ததாம். "இப்படியே பேசு" என்றார்களாம்.

தெருமுனைக் கடைக்காரியாக வரும் சின்ன வேடம்தான். ஆனால் ஊருக்குத் திரும்பும் பேச்சு அதோடு நின்றது. மெல்பர்னில் பெரிய மேடைகள் வந்த பிறகும், ஒவ்வொரு நாடகத்தின் முதல் நாளும் போன் எடுப்பாய்: "உட்கார்ந்தேன். குடித்துவிட்டேன்." வார்டுக்குக் கிளம்பும் என்னிடம் நீ சொல்வது ஒன்றுதான்: "உன் நாக்கையும் கூட்டிக்கொண்டு போ."

நாளை மெல்பர்னில் உனக்கு நினைவுக் கூட்டம். என்னையும் பேசச் சொல்லியிருக்கிறார்கள். அத்தனை நடிகர்களுக்கு முன்னால் என் இங்கிலிஷா என்று பயந்து, மகளைக்கொண்டு அழகாக எழுதுவித்து, கண்ணாடி முன்னால் சீமாட்டி மாதிரிப் பேசிப் பழகினேன். நீ கேட்டிருந்தால் உனக்கும் சகித்திருக்காது.

தண்ணீர் முடிந்தது. அந்தத் தாள்களைக் குசினி மேசையில் விட்டுவிட்டேன். என் வாயில் வருகிறபடியே உன்னைப் பற்றிச் சொல்லப் போகிறேன்.

மகள் மறுபடியும் ஹோர்ன் அடிக்கிறாள். போட்டு வாறன்.